செருப்போட சேத்துக் கழட்டி வை

குடும்பத்தோட தொண்டிக்குப் போயி, படகு புடிச்சு, கடல் மீனு புடிக்கப் போறியளாமே! தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு அப்பு. சிங்கப்பூர்லேருந்து ரெண்டு நீளப் பெட்டி வந்து எறங்குச்சு. ஒண்ணுல தூண்டிலு, இன்னொண்ணுல அந்தத் தூண்டிலுக்கு உறை. தனக்கு ஒரு சேலை கீலை உள்ள இருக்குமான்னு உங்க அப்பத்தா இன்னும் அந்தப் பெட்டியைச் சுத்திச் சுத்தி வர்றா.

நான் எதுக்கு வேணாங்கப் போறேன், போயிட்டு வாங்க. நெற்குப்பைக்காரன் தண்ணிக்குப் பயந்தவன்னு எவனும் சொல்லிரக் கூடாதுல்ல. இந்தச் சீமையில பெரிய வீடு கட்டுனவுக பூராம் ரங்கூனு, பினாங்கு, சைகோனுன்னு கப்பலேறிச் சம்பாரிச்சவுகதான். தூணுக்குத் தேக்கு பர்மாவுலேருந்து தண்ணி வழியா வந்துச்சு. கவுனி அரிசியும் அங்கிட்டுருந்து வந்து நம்ம பந்தியில ஒக்காந்துக்கிச்சு. அம்புட்டுக் கடலைத் தாண்டுன ஊருக்கு மீனு மட்டும் இன்னிக்கும் பைக்குக்குப் பின்னால கட்டுன ஐஸ்பெட்டியிலதான் வருது. நம்ம ஊர்ல 1921-ல பொறந்த சோமலெ உலகத்தைச் சுத்திட்டு வந்து புத்தகம் புத்தகமா எழுதி வச்சுட்டுப் போனாரு. நீ தொண்டி வரைக்கும் போயிட்டு வந்து வாட்ஸப்புல முந்நூறு படம் போடுவ. ஊரு பேரு எப்படியோ நெலைச்சா சரி.

பிடோக் ஜெட்டியில நின்னு மீனு புடிச்சவன்னு நேத்து எளவட்டங்ககிட்ட அளந்துக்கிட்டுருந்த. கேட்டேன். அது ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குல இருக்குற காங்கிரீட்டுப் பாலம். அது ஆடாது. ஆடாத எடத்துல நின்னு மீனு புடிக்கிறவனுக்கும் ஆடுற எடத்துல ஒக்காந்து புடிக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம், காலையில ஏழு மணிக்கு உன் வயித்துக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி நான் சொன்னா நம்ப மாட்ட.

மொதல்ல ஒரு காரியம் கேளு. படகுக்காரரு நல்ல மனுசரு, கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாருன்னு சந்தோசத்துல போயி ஏறிராத. படகு பதிவான படகான்னு கேட்டுக்க. வெளியாளை ஏத்த மீன்வளத்துறையும் கடலோரப் போலீசும் சரின்னாகளான்னும் கேட்டுக்க. 2008-ல மும்பையில தாக்குதல் நடந்ததுக்கப்புறம் கடலுக்குப் போற மீனவருக்கெல்லாம் அடையாள அட்டை வந்துருச்சு. உன் சிங்கப்பூரு அட்டையைக் காட்டுனா அங்க எவனும் சல்யூட் அடிக்க மாட்டான். அனுமதி இல்லைன்னா தொண்டிக்குப் பக்கத்துல காரங்காடு இருக்கு. வனத்துறையும் ஊர்க்காரவுகளும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகுல கூட்டிட்டுப் போறாக. கொக்கு நாரை பாக்கலாம், திரும்பி வந்தா ஊர்ப் பொம்பளைக சமைச்ச மீனுச்சோறு கெடைக்கும். மீனு நீ புடிச்சதா இருக்காது. அதனாலேயே நல்லாருக்கும்.

அனுமதி கெடைச்சுருச்சுன்னு வச்சுக்க. கரை தெரியுற தூரத்துக்குள்ளேயே சுத்திட்டு வாங்க. "இன்னும் கொஞ்சம் உள்ள போலாமே"ன்னு சம்மாட்டியை, அதான் அந்தப் படகுக்காரரை, சொறியாத. 1974-ல இலங்கையோட போட்ட எல்லைக்கோடு ஒண்ணு அங்கிட்டு இருக்கு. தண்ணிக்கு மேல தெரியாது. தெரியாமத் தாண்டுனவுக வீட்டுல அடுப்பு எரியாம எத்தனை மாசம் கெடந்துச்சுன்னு அந்தக் கரையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. இதுல நையாண்டி பண்ண எனக்கு வாயி வராது.

இப்பக் காத்தைச் சொல்லுறேன். இந்தப் பாக் ஜலசந்திக் கடலை ராமேசுவரத்துக்காரவுக பொண் கடலும்பாக. பாம்பனுக்குத் தெக்க, மன்னார் வளைகுடா ஆண் கடலு. பொண் கடல்னா ஆழங்கொறைச்ச, அலை அடங்குன கடலு. உடனே தைரியம் வந்துருச்சா? எந்தப் பொம்பளை எப்பவும் அடங்கியே கெடந்தா? ஐப்பசி கார்த்திகையில வாடைக் காத்து அடிக்கிறப்ப வந்து பாரு. அப்ப தெக்குக் கடலு சும்மா கெடக்கும், இது எந்திரிச்சு நிக்கும். உன் நல்ல நேரம், சிங்கப்பூருப் பள்ளிக்கூடத்துல ஜூன் மாசம் லீவு விடுறாக. இப்ப மேகாத்து. தரையிலேருந்து கடலைப் பாத்து அடிக்கும். அதனால கரையோரத் தண்ணி தாம்பாளத்துல ஊத்தி வச்ச கணக்காத் தெரியும். தெரியுதேன்னு நீ வாங்கியாந்த அந்தக் காத்தடைச்ச வாத்து மெதவையைப் உன் மக கையில குடுத்துத் தண்ணியில விட்டுறாத. அடிக்கிற காத்து வெளிய தள்ளுற காத்து. வாத்து யாழ்ப்பாணம் போகட்டும், புள்ளை போகக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டு கட்டாயம். புள்ளைகளுக்குப் புள்ளைக அளவுல வேணும். பெரியவுக ஜாக்கெட்டைச் சின்னதுக்கு மாட்டுனா ஜாக்கெட்டு மேல மெதக்கும், புள்ளை அடிவழியா நழுவிரும். நீயும் போட்டுக்க. "நான் கண்மாயில நீஞ்சுனவன்"னு காலரைத் தூக்காத. நீ நீஞ்சுன லட்சணம் எனக்குத் தெரியும். கண்மாயில உன் அரணாக் கயித்தைப் புடிச்சு இழுத்து வெளிய போட்டவன் நாந்தான்.

வைகாசியில ஒரு வாரம் முந்தி வந்துருந்தா இந்தச் செலவே இல்லப்பா. தண்ணி வத்துன கண்மாயில மீன்பிடித் திருவிழா நடந்துச்சு. கரையில சுத்துப்பட்டி சனம் பூராம் விடியமுன்ன கூடி நிக்கும். பெரியமனுசர் சாமி கும்பிட்டுக் கொடியை வீசுனதும் அம்புட்டுப் பேரும் ஒண்ணா எறங்குவாக. சாதி என்னா, மதம் என்னா, எல்லா மூஞ்சியிலயும் ஒரே சேறு. அடியில்லாத கூடை இருக்குல்ல, ஊத்தா, அதைச் சேத்துல அழுத்திக் கவுத்து, மேல இருக்குற வாய் வழியாக் கையை விட்டுத் துழாவணும். உள்ள விரால் இருந்தா ஊத்தாவுல முட்டும். அந்த முட்டு கைக்குத் தெரியுறப்ப வர்ற சந்தோசத்துக்கு உன் ஷிமானோத் தூண்டில்ல கிர்ருன்னு சத்தம் வர்ற சக்கரம் ஈடாகுமான்னு எனக்குத் தெரியாது. கெண்டையும் கெளுத்தியுமா அள்ளிட்டு வந்துருக்கலாம். சரி, உனக்கு உப்புத்தண்ணி ஆசை.

படகுல ஏறுறப்ப செருப்பைக் கழட்டச் சொல்லுவாக. அப்பவே அந்த மேனேஜரு உத்தியோகத்தையும் சேத்துக் கழட்டிக் கரையிலேயே வச்சுரு. திரும்பி வர்றப்ப ரெண்டும் அங்கனயே கெடக்கும், எவனும் எடுக்க மாட்டான். படகுல ஒருத்தருதான் பேசணும், அது சம்மாட்டி. இந்தப் பக்கம் ஒக்காருன்னா ஒக்காரணும், எந்திரின்னா எந்திரிக்கணும். "ஏன்?"னு கேக்கக் கூடாது. ஒரே பக்கமா நாலு பேரும் எந்திரிச்சு நின்னு செல்பி எடுத்தா, அந்தப் படத்துல உங்க தலைக்கு மேல படகு தெரியும்.

வயித்துக்கு வருவோம். தாயி, நீயும் கேளு, இவன் கேக்க மாட்டான். வெள்ளன ரெண்டு மணிக்குக் கெளம்புறியன்னு உங்க அப்பத்தா பாசத்துல கந்தரப்பமும் கும்மாயமும் பண்ணித் தருவா. வாங்கிக்க, மறுக்காத. ஆனா கார்லேயே வச்சுரு, திரும்பி வந்து தின்னுக்கலாம். நெய்யும் வெல்லமுமா உள்ள எறக்கிட்டு அலையில ஒக்காந்தா, அப்பத்தா கைப்பக்குவம் காரப்பொடி மீனுக்குத்தான் போயிச் சேரும். ரெண்டு இட்டிலி, இஞ்சித்துண்டு, எலுமிச்சம்பழம். நீராகாரம் ஒரு பாட்டிலு. மயக்கம் வந்தா போனைப் பாக்காத, கீழ குனியாத, தூரத்துல கரையைப் பாரு. எஞ்சின் பொகை வராத எடமா, படகு நடுவுல ஒக்காரு. அப்புடியும் வந்தா காத்து போற பக்கம் தலையை நீட்டு. எதுத்த பக்கம் நீட்டுனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, உன் பொஞ்சாதி சொல்லுவா.

இன்னொண்ணு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சமாச்சாரம். படகுல கக்கூசு கெடையாது. ஆம்பளைக எப்படியோ சமாளிச்சுருவானுக. பொம்பளைக காலையிலேருந்து தண்ணி குடிக்காம நாக்கு வறண்டு ஒக்காந்துருப்பாக, வெயில்ல அப்புறம் தலை சுத்தும். "நாளு பூராம் கடல்ல"ன்னு நீ போட்ட திட்டத்தை மூணு மணி நேரமாச் சுருக்கு. விடியறப்ப ஏறி, வெயிலு ஏறுறதுக்குள்ள எறங்கிரு. மிச்ச நாளைக் கரையில கழி. கரையிலதான் வேடிக்கை சாஸ்தி.

சரி, தூண்டிலைப் போட்டாச்சு. உன் கையில கார்பன் கம்பு. சம்மாட்டி கையில பிளாஸ்டிக் பாட்டில்ல சுத்துன தங்கூசி, ஈயக்குண்டு, முள்ளு, அம்புட்டுத்தான். அவரு கரையில ரெண்டு அடையாளத்தை, ஒரு செல்போன் டவரும் அதுக்குப் பின்னால ஒரு மினாரும்னு வையி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறையுற எடத்துல எஞ்சினை நிறுத்துவாரு. பாறை எங்க இருக்கு, தாழைங்குற கடல்புல்லு எங்க வளந்து கெடக்குன்னு அவுக அப்பா காட்டிக்குடுத்த எடம். இப்ப ஜிபிஎஸ்ஸும் வச்சுருக்காக. இருந்தாலும் கண்ணு ஒருக்காக் கரையைத் தொட்டுட்டுத்தான் வரும். எரைக்கு எறாலோ கணவாத் துண்டோ குத்துவாரு. குண்டு தரையில தட்டுனதும் ரெண்டு சாணு மேல இழுத்துட்டு, நூலை ஆள்காட்டி வெரல்ல போட்டுக்கிட்டு வானத்தைப் பாப்பாரு. நீயும் அப்புடியே செய்யி. மீனு முதல்ல கொறிக்கும். கொறிக்கிறப்பச் சுண்டுனா எரைதான் போகும். கொறிச்சது நின்னு, நூலு கனமாகி, ஒரு பக்கமா நகரும் பாரு, அப்ப இழுக்கணும். நீ கொறிக்கிறப்பவே சுண்டுவ. உன் பொஞ்சாதி பேசாம வெரலைப் பாத்துக்கிட்டு இருப்பா. மொத விளைமீனு அவளுக்குத்தான் விழுகும். அப்ப "காத்து அவ பக்கம் அடிச்சுச்சு"ன்னு சொல்லலாம், நான் உனக்காக யோசிச்சு வச்ச சாக்கு.

உனக்குப் பெரும்பாலும் பேத்தை விழுகும். தண்ணியை விட்டு வெளிய எடுத்ததும் வயித்தை உப்பிக்கிட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் கணக்கா ஒக்காந்துருக்கும். புள்ளைக சிரிக்கும். சிரிக்கட்டும், படம் எடு, தண்ணியில போட்டுரு. அதைக் கொண்டாந்து கொழம்பு வைக்கிறேன்னு மட்டும் நெனைச்சுராத. அந்த விசம் கொதிக்க வச்சாலும் போகாது, ஆளைத்தான் கொண்டுபோகும். அடுத்தது கெளுத்தி. கண்மாய்க் கெளுத்தியில கொட்டு வாங்கிப் பழகுனவன்னு கையை நீட்டாத. கடல் கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு, மூணு முள்ளு, மூணும் வெறப்பா நிக்கும். தாழையைத் தின்னு கொழுத்த ஓரா மீனு வலையில வந்தா அதுக்கு முதுகு, வயிறு எல்லாப் பக்கமும் முள்ளு. குத்துனா உசுரு போகாது, போகலையேன்னு இருக்கும். பிளாஸ்க்குல வெந்நி கொண்டு போ, அது காப்பிக்கு இல்ல. குத்துன கையைப் பொறுக்குற சூட்டுல முக்கி வச்சா அந்த விசம் சூட்டுக்கு அடங்கும். அப்புறம் ஆசுபத்திரி. திருக்கை வால்ல பட்டாலும் இதே வைத்தியந்தான், ஆசுபத்திரிக்கு மட்டும் இன்னும் வெரசாப் போகணும்.

வலையில கடல் குதிரை வந்தா, கடல் அட்டை வந்தா, "சிங்கப்பூர்ல மருந்துக் கடையில பாத்துருக்கேனே"ன்னு பையில போட்டுக்காத. 2001-லேருந்து ரெண்டையும் பாதுகாப்புப் பட்டியல்ல வச்சுருக்காக. புடிச்ச எடத்துலேயே விட்டுரு. ஆவுளியா தட்டுப்பட்டா உனக்குப் பூர்வ புண்ணியம் உண்டு. கடல் பசுன்னு சொல்லுறோமே, அதுதான். தாழையைத்தான் மேயும். அதுக்குன்னே 2022-ல தஞ்சாவூரு, புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமா அறிவிச்சுருக்காக. மனுசனுக்குப் பட்டா கெடைக்க எத்தனை வருசமாகுது பாத்தியா!

நண்டு வலை தூக்குறதைப் புள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டு. முந்தின நாளு போட்டு வச்ச வலையை இழுக்க இழுக்க, ஈரமா, பச்சை வாடையோட, கண்ணிக்குக் கண்ணி சிக்கிக்கிட்டு நீலக்கால் நண்டு வரும். சம்மாட்டி பின்னங்கால் துடுப்போட அடியில ரெண்டு வெரலால புடிச்சு, கொடுக்கு எட்டாத பக்கமா வச்சுக்கிட்டு, நூலை ஒவ்வொண்ணா உருவி விடுவாரு. ஒரு நண்டுக்கு இம்புட்டு நேரமான்னு உனக்குத் தோணும். வலை பிஞ்சா அவருக்கு ராத்திரி பூராம் வேலை, அதான். முட்டை வச்ச நண்டு வந்தா திரும்பத் தண்ணியில விடச் சொல்லிப் பாரு. அன்னிக்குப் பாடு நல்லாருந்தா விடுவாரு, இல்லைன்னா உன்னைப் பாப்பாரு. இந்தக் கடல் நண்டுல சதை பிரிச்சு டப்பாவுல அடைச்சு அமெரிக்காவுக்குப் போகுது. நீ போயி அங்கிட்டு ஓட்டல்ல டாலரு குடுத்துத் தின்னுட்டு "ஐயா, என்னா ருசி தெரியுமா"ன்னு எனக்கு போன் போடுவ.

"உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கெடைக்கும்?"னு சம்மாட்டிகிட்டக் கணக்கு கேக்காத. நீ கேப்ப, எனக்குத் தெரியும், ஆபீசு புத்தி. டீசலு போக, ஐஸு போக, வலைக்கடன் போகன்னு அவரு சொல்லி முடிக்கிறப்ப உன் மூஞ்சியில ஒரு இரக்கம் வரும் பாரு, அது அவருக்குப் புடிக்காது. பேசுன காசுக்கு மேல போட்டுக் குடு, அதைப் படம் புடிக்காமக் குடு. உன் மக கையால குடுத்தா வாங்கிக்குவாரு.

ஆச்சு. கரைக்கு வந்துட்டிய. கூடையில ரெண்டு கெளுத்தி, கைநீளங்கூட இல்லாத ஒரு விளைமீனு, அதுவும் உன் பொஞ்சாதி புடிச்சது. இதை எடுத்துக்கிட்டு நெற்குப்பைக்குள்ள எப்புடி நொழையறது? இங்கதான் ஐயாவோட புத்தி உனக்கு வேணும். ஏலம் நடக்குற எடத்துக்குப் போ. ஏப்ரல் 15-லேருந்து 61 நாளு கட்டிக்கெடந்த விசைப்படகு ஜூன் 14 ராத்திரியோட தடை முடிஞ்சு கடலுக்குப் போயிருக்கும். அதுக்கப்புறம் போனியன்னா மீனு மலிவு. பக்கத்துல நிக்கிற கெழவி எதை எடுக்குறாளோ அதை நீயும் எடு. செவுளைத் தூக்கி ரத்தச் செவப்பான்னு பாரு. கண்ணு முட்டிக்கிட்டு இருக்கணும், குழி விழுந்துருக்கக் கூடாது. வெரலால அமுக்குனா குழி நிக்கப்படாது.

முக்கியமானது, ஒரே அளவுல வாங்கித் தொலைக்காத. தூண்டில்ல புடிச்சவன் கூடையில எல்லா மீனும் ஒரே நீளத்துல இருக்காது. ரெண்டு விளைமீனு, ஒரு பாறை, நாலு கிழங்கான், மூஞ்சி சுளிக்கிற அளவுக்கு ஒண்ணு ரெண்டு பொடிசும் கலந்துக்க. தேவகோட்டையில ஒருக்கா ஐஸு மாத்து. வாங்கின கடைப் பையைக் காருலேருந்து எடுத்துப் போட்டுரு. விளைமீன் தலை ரெண்டும் எனக்கு, இந்த யோசனைக்குக் கூலி. புளி தூக்கலா, சின்ன வெங்காயம் முழுசு முழுசாப் போட்டு, மண்சட்டியில வச்சுத் தரச் சொல்லி நானே சொல்லிக்கிறேன்.

இதுல ஒரே ஒரு எடத்துலதான் மாட்டுவ. உங்க அப்பத்தா பொறந்தது திருவாடானைப் பக்கம், தொண்டி மீனு தின்னு வளந்தவ. வலையில பட்ட மீனுக்கு ஒடம்புல கண்ணித் தடம் இருக்கும். தூண்டில்ல பட்டதுக்கு வாய் ஓரத்துல கிழிசல் இருக்கும். அருவாமனையில ஒக்காந்ததும் மொதல்ல மீனு வாயைப் பாப்பா. அப்புறம் உன் வாயைப் பாப்பா. அந்த நேரத்துல உன் மகளை அங்கிட்டு நிக்க விடாத, கடைக்கு மிட்டாய் வாங்க அனுப்பிரு.